லைக் வருகைப் பதிவேடு

எங்கள் மாவு மில்லின் இன்ஸ்டாகிராம் பக்கம் செத்துப்போய்விட்டது என்று நிரூபிக்க எனக்குப் பதினேழு நாள் ஆனது. பக்கம் சாவதற்கே அவ்வளவு நாள் ஆகவில்லை.

மில் அம்மாவுடையது. காரைக்குடியில் 'சோணையம்மாள் மாவு மில்' என்று கேட்டால் வழி சொல்வார்கள். அங்கே இருப்பது ஒரே மிஷின். அதனால் கிழமைக் கணக்கு உண்டு. செவ்வாயும் சனியும் மிளகாய், மல்லி. திங்களும் வியாழனும் ஈர அரிசி. மற்ற நாளில் கோதுமை, கேழ்வரகு. ஞாயிறு லீவு. கிழமை தப்பி வந்தால் இடியாப்பம் கண்ணீர் வரவழைக்கும். பண்டிகை வந்தாலும் கரண்ட் போனாலும் இந்தக் கணக்கு மாறும். மாறுவதை ஊருக்குச் சொல்லத்தான் பி.காம். படிக்கும்போது அந்தப் பக்கத்தை ஆரம்பித்தேன். அம்மா கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவாள்: 'நாளை மிளகாய்'. நான் அதைப் படம் பிடித்துப் போடுவேன். அவ்வளவுதான். இருநூறு லைக் வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். "படிச்சதுக்கு இதாவது ஆச்சே" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். மேனேஜரிடம் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். ஊருக்கு வந்துவிட்டேன். அதுவரை பக்கம் தூங்கியிருந்தது. திரும்பிவந்து 'நாளை மிளகாய்' என்று போட்டால் ஏழு லைக். அதில் ஒன்று நான் போட்டது. சனம் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டது. தேவகோட்டையிலிருந்து பழைய மிஷின் வாங்கும் பாண்டிமுருகன் என்பவர் வந்து, சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"தீவாளிக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன்," என்றாள் அம்மா. "கூட்டம் வந்தா மிஷினு இங்கனயே இருக்கட்டும். வராட்டி அவரு வண்டியில ஏத்திட்டுப் போகட்டும். நான் சமையலுக்கு ஆள் கூப்புடுற எடத்துக்குப் போயிக்கிறேன்."

நான் கோபக்காரி. கோபத்தில் எடுக்கும் முடிவெல்லாம் தப்பாகத்தான் போகும் என்று தெரிந்தும், அன்றைக்கே 'சிறுதொழில் சமூக ஊடக ஈடுபாட்டுப் புத்துயிர் மையம்' என்ற அரசு அலுவலகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் நீளம் காரணமாகப் பலகையின் கடைசிச் சொல் பக்கத்துச் சுவரில் இருந்தது.

உள்ளே ஈடுபாட்டுப் பிரிவு எழுத்தர் கல்யாணசுந்தரி மேடம் இருந்தார். நல்லவர். எதிரே உட்கார வைத்து, விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"ஈடுபாடு இல்லைங்கிறதுக்குச் சான்று வச்சிருக்கீகளா?"

"பக்கத்தைத் தொறந்து பாருங்க மேடம். ஏழு லைக்தான்."

"பாத்தா நம்பிரலாம். ஆனா கோப்பு பாக்காதே. அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு 'இந்தப் பதிவை நாங்கள் விரும்பவில்லை'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. ஏழு வரைக்கும் செத்ததுனு எடுத்துக்குவோம். எட்டுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்."

பக்கத்து டீக்கடை சத்தியமூர்த்தி அண்ணனிடம் போனோம். பார்க்காத பதிவை விரும்பவில்லை என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். நியாயம்தான். காட்டினேன். "ஆத்தா, சோணையம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கே!" என்று உடனே லைக் போட்டுவிட்டார். எட்டு.

"அண்ணே, அதை எடுத்துருங்கண்ணே. எட்டு இருந்தா திட்டத்துல சேக்கமாட்டாங்க."

"குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வகையறாவுல கெடையாது."

கடைசியில் என் லைக்கை நானே எடுத்தேன். அக்கம்பக்கத்துக் கையெழுத்துக்குப் பதிலாக, சொந்தப் பக்கத்தைப் பிடிக்கவில்லை என்று உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தேன். பதினேழாவது நாள் பக்கம் இறந்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாஸ்வேர்டை உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, பீரோவில் பூட்டினார்கள். இனிமேல் பதிவு போடும் வேலை மையத்துடையது. நாங்கள் வரைவு மட்டும் எழுதித் தரலாம், மூன்று பிரதி.

அடுத்தது பயிற்சி வகுப்பு. மையத்தின் இணை இயக்குநர் கார்த்திகேய சிவம் பேசினார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. செல்போன் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

"தொழில்முனைவோர்களே! நான் கால்நடைத் துறையிலிருந்து மாறுதலில் வந்தவன். சினை பிடிக்காத மாடுகளை அங்கே நிறையப் பார்த்தவன் என்பதால் உங்கள் பக்கங்களின் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. சிலர் கேட்கிறார்கள், சார், நீங்கள் இதுவரை எத்தனை பதிவு போட்டிருக்கிறீர்கள் என்று. பெருமையாகச் சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை! இருபத்தெட்டு வருட சர்வீஸில் என் பெயரில் ஒரு தவறான பதிவு இருப்பதாக எவனாவது காட்டட்டும்!"

கைதட்டினோம். கதவருகே வடை வைத்திருந்தார்கள்.

மையத்துக்கும் ஒரு பக்கம் இருந்தது. பின்தொடர்பவர்கள் பத்தொன்பது பேர். ஊழியர்களும் பத்தொன்பது பேர். ஒவ்வொரு பதிவுக்கும் பத்தொன்பது லைக் தவறாமல் விழுந்தது. அதற்கென்று ஒரு நோட்டு இருப்பதைக் கல்யாணசுந்தரி மேடம் காட்டினார். 'லைக் வருகைப் பதிவேடு' என்று அட்டையில் எழுதியிருந்தது. வரிசை எண், பெயர், பதவி, லைக் போட்ட நேரம், கையொப்பம்.

"மொதல்ல இணை இயக்குநர் கலத்துல கையெழுத்து விழணும்மா. அப்புறம் கண்காணிப்பாளர். அப்புறம் நாங்க. அவருக்கு முன்னாடி நாங்க விரலை வைக்கப்படாது."

"சார்ட்டதான் போனையே காணோமே, எப்புடிப் போடுவாரு?"

"சாருக்கு லைக் போடுறதுக்குத் தனியா ஆள் இருக்காரு. சார் இந்தக் கலத்துல கையெழுத்துப் போடுவாரு, அவரு போன்ல அமுக்குவாரு."

"சார் லீவுல இருந்தா?"

"அந்த வாரம் யாருக்கும் எதுவும் புடிக்காது" என்றார் மேடம். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

எங்கள் முதல் வரைவைக் கொடுத்தேன். 'நாளை மிளகாய்.' ஆறாம் நாள் குறிப்போடு திரும்பி வந்தது. 'நாளை என்பது எந்த நாளை எனத் தெளிவுபடுத்தவும். மிளகாய் விளைபொருளாதலால் தோட்டக்கலைப் பிரிவின் கருத்துரை பெறப்பட்டதா?' அம்மா எழுதிக் கொடுக்கச் சொன்னாள்: 'நாளைன்னா நாளைக்கித்தான்.' அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரைவுக்கு ஒப்புதல் வந்து பதிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஈர அரிசி.

நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஈடுபாடு அப்போது மூன்று.

இந்த நிலையில் அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. காலையில் மிஷினைத் துடைப்பாள். பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பாள். நாலைந்து பேர் வருவார்கள், அரைத்துக் கொடுப்பாள். மீதி நேரம் மிஷினின் அரைகல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பாண்டிமுருகன் போனில் கேட்டார்: "சனிக்கிழமை லோடு வண்டி கொண்டாரவாத்தா?" அம்மா "கொண்டாங்க" என்றாள்.

அந்தச் சனிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மையத்தில் ஒரு பீதி. காலாண்டு அறிக்கைக்குக் கெடு முடிகிறது. புத்துயிர் பெற்ற பக்கங்கள் எத்தனை என்று மேலிடம் கேட்டிருக்கிறது. விடை பூஜ்யம். கார்த்திகேய சிவம் சார் பீரோவைத் திறந்தார். கையெழுத்தாகிக் கிடந்தவற்றில் மேலாக இருந்தது எங்களுடைய இருபத்தாறு நாள் பழைய வரைவு. 'நாளை ஈர அரிசி அரைக்கப்படும்.' போடச் சொன்னார். போட்டால் யார் பார்ப்பார்கள்? அங்கேதான் அவருடைய அனுபவம் பேசியது. தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். சுற்றறிக்கை.

வட்டாரத்து மகளிர் குழுக்கள் எல்லாவற்றுக்கும் மாலை ஐந்தே முக்காலுக்குப் போனது: 'இணைப்பில் காணும் பதிவினைப் பார்வையிட்டு, அதன்படி ஆவன செய்து, ஈடுபட்ட விவரத்தை மறுநாள் மாலைக்குள் அறிக்கையாக அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

அதைப் படித்த பெண்கள் என்ன செய்வார்கள்? அரிசியை ஊறப்போட்டார்கள். தீபாவளி புதன்கிழமை. எப்படியும் அதிரசத்துக்கு மாவு வேண்டும்.

எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுற்றறிக்கையில் நகல் பெறுவோர் பட்டியலில் நாங்கள் இல்லை.

சனிக்கிழமை காலை அம்மா வழக்கம்போல் மிளகாய் போட்டாள். பண்டிகைக்காக ஒரு பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அதுவே அம்மாவுக்குப் பெரிய கூட்டம். எட்டரைக்குத் தெரு முனையில் முதல் தூக்குவாளி தெரிந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு சம்படம், கட்டைப் பை, அண்டா, டிரைசைக்கிளில் இரண்டு மூட்டை. கோவிலூரிலிருந்து ஒரு குழு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. ஒன்பது மணிக்கு வரிசை டீக்கடையைத் தாண்டிவிட்டது. எல்லார் கையிலும் ஊறவைத்து, துணியில் உலர்த்திய பச்சரிசி. மில்லுக்குள்ளே மிளகாய் நெடி. முன்னால் நிற்பவர்கள் தும்ம, பின்னால் நிற்பவர்கள் காரணம் புரியாமல் தும்மினார்கள்.

வரிசையின் தலையில் சிகப்பி ஆச்சி. வலையபட்டியில் தங்கள் பெரிய வீட்டை விடுதியாக நடத்துகிறவர். வெளிநாட்டுக்காரர்கள் இருபது பேருக்கு அதிரசம் சுட்டுக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"சோணையம்மா, என்ன வெளாடுறீகளா? ஈர அரிசின்னு போட்டுட்டு மொளகா அரைக்கிறீக!"

"நான் எங்க ஆச்சி போட்டேன்? என் போர்டுல மொளகான்னு எழுதியிருக்கே, பாருங்க."

"போர்டை யாரு பாத்தா? கவர்மெண்டு ஆர்டர் வந்துச்சுல்ல!" என்றார் கோவிலூர்க் குழுத் தலைவி. "அறிக்கை வேற குடுக்கணும். அரைக்காமப் போனா என்னன்னு எழுதுறது?"

திருப்பி அனுப்ப முடியாது. ஈர அரிசி மத்தியானம் தாங்காது, புளித்துவிடும். மிளகாய்க்காரர்களும் காலையிலிருந்து நிற்கிறார்கள். அப்போது பார்த்து லோடு வண்டி வந்தது. பாண்டிமுருகன் இறங்கி, வரிசையைப் பார்த்து, வேறு தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று பலகையை இரண்டு தடவை படித்தார்.

அம்மா ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"மொளகாக்காரவுகளே, ஒங்க மொளகா காஞ்சது. நாளைக்கும் அப்புடியேதான் இருக்கும். இவுக அரிசி கெட்டுப்போகும். மனசு வச்சு விட்டுக் குடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழமை ஒங்களுக்காகத் தொறக்கிறேன். சம்மதமா?"

"மொத நம்பர் எனக்குத் தருவீகளா?" என்றது ஒரு குரல்.

"எழுதிக்கடி ஜனனி!" என்றாள் அம்மா. எழுதினேன். பதினைந்து பேரும் பையை நகர்த்தினார்கள்.

இனி கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். பாண்டிமுருகன் கேட்காமலே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மிஷினைத் திறந்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மாவு விழும் துணியை மாற்றி, பெல்ட்டையும் இறுக்கினார். வாங்க வந்த மிஷினை விற்கிறவளுக்காகத் துடைத்துக் கொடுத்த ஒரே வியாபாரி அவராகத்தான் இருப்பார். எவ்வளவு துடைத்தாலும் கல்லில் கொத்தியிருக்கும் பள்ளங்களுக்குள் மிளகாய் இருக்கும். அதனால் மிளகாய்க்குப் பிறகு அரைக்கிற முதல் படியை யாரும் சமையலுக்கு எடுப்பதில்லை. அது கல்லுக்கு. ஊரில் மில் வாசல் மிதித்த எல்லாருக்கும் இது தெரியும். அம்மா ரேஷன் அரிசியில் ஒரு படி எடுத்து வைத்தாள்.

அந்த நேரத்தில் ஜீப் வந்தது. கார்த்திகேய சிவம் சார், பேனர் பிடிக்க இரண்டு பேர், பதிவேட்டோடு கல்யாணசுந்தரி மேடம். வரிசையைப் பார்த்த சாருக்குக் கண் கலங்கியது. நெடியாகவும் இருக்கலாம்.

"இதுதான்... இதுதான் ஈடுபாடு!" என்றார். மேடம் பக்கம் திரும்பினார். "எத்தனை கமெண்ட்?"

"அறுநூத்திப் பன்னெண்டு சார். எல்லாம் திட்டு."

"திட்டு என்று பதிவேட்டில் தனிக் கலம் இருக்கிறதா?"

"இல்ல சார்."

"அப்படியானால் எல்லாம் ஈடுபாடுதான்."

பேனர் முன்னால் நின்று பேச ஆரம்பித்தார். "தாய்மார்களே! ஒரு காலத்தில் ஈடுபாடு என்பது... ஹச்! ... மன்னிக்கவும். ஈடுபாடு என்பது மேலிருந்து கீழே... ஹச்! ... வரவேண்டியது. இந்த மையத்தின் அயராத... ஹச்! ஹச்! ... அயராத..." சிகப்பி ஆச்சி போனை உயர்த்தி, அயராத தும்மல் இருபத்து மூன்றையும் படம் பிடித்தார்.

பேச்சு முடிந்ததும் சார் ஜீப்பிலிருந்து ஒரு எவர்சில்வர் வாளியைக் கொண்டுவரச் சொன்னார். சுற்றறிக்கையை நம்பி அவர் வீட்டம்மாவும் ஊறப்போட்டிருந்தார். அதிரசத்துக்கு நாலு படி.

"இது முதலில் போகட்டும்" என்றார்.

வரிசையில் தும்மல்கூட நின்றது.

"சார், மொதப் படி வேணாம் சார்" என்றாள் அம்மா. "செத்த பொறுங்க. இந்த ரேஷன் அரிசியைப் போட்டுட்டு..."

"எனக்கு முன்னால் யார்?"

"யாருமில்ல சார், ரேஷன் அரிசி..."

"ரேஷன் அரிசி என்ன கிரேடு அம்மா? நான் இணை இயக்குநர். நடைமுறை என்று ஒன்று இருக்கிறது."

அம்மா ஆச்சியைப் பார்த்தாள். ஆச்சி வானத்தைப் பார்த்தார். கல்யாணசுந்தரி மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, பதிவேட்டைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"நடைமொறைன்னா சரிங்க சார்" என்றாள் அம்மா.

நாலு படியும் மிஷினில் போனது. மாவு இளஞ்சிவப்பாக, அழகாக வந்தது. கல் பளிச்சென்று ஆனது. இவ்வளவு நன்றாகக் கல் சுத்தமானதை நாங்கள் பார்த்ததில்லை. சார் கலரைப் பார்த்து, "பாரம்பரிய அரிசியோ?" என்று மெச்சிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் மிஷின் நிற்கவில்லை. நான் வரிசையில் நடந்தபடியே போனில் புதுப் பக்கம் ஒன்றைத் தொடங்கினேன். 'சோணையம்மா மில்லில் இன்னைக்கு என்ன'. பெயரைச் சத்தமாகச் சொன்னேன். காத்திருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. வரிசை முடியுமுன் முன்னூற்று நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் போட்ட முதல் காணொளி ஆச்சி பிடித்த தும்மல். சாயங்காலத்துக்குள் அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், "மில் எங்கே இருக்கிறது, மிளகாய் நல்ல காரம்போல" என்று கேட்டிருந்தார்.

பாண்டிமுருகன் சட்டையை மாட்டிக்கொண்டு, காலி லோடு வண்டியைத் திருப்பினார்.

"அப்ப நான் வாரேன்த்தா. மிஷினு நல்லா இருக்கு. குடுத்துராதீக."

"ஒங்களுக்கா?"

"எனக்குந்தான்."

திங்கட்கிழமை காலை மையத்திலிருந்து கடிதம் வந்தது. பொருள்: இணை இயக்குநர் இல்லத்தில் சுடப்பட்ட அதிரசம் காரமாக இருந்தது குறித்து விளக்கம் கோருதல். மூன்று பிரதிகளில், ஏழு நாட்களுக்குள். இணைப்பு: அதிரசம், ஒன்று. பழைய பக்கம் புத்துயிர் பெற்றுவிட்டதால் திட்டத்திலிருந்து நீக்கப்படுவதாகவும், பாஸ்வேர்டு உரிய காலத்தில் அனுப்பப்படும் என்றும் கீழே இருந்தது. பழைய பக்கத்தில் இன்றுவரை 'நாளை ஈர அரிசி அரைக்கப்படும்' என்றுதான் இருக்கிறது. அதை அழிப்பதற்கான கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது.

அன்று உண்மையிலேயே ஈர அரிசி. தீபாவளிக்கு முந்திய கடைசி ஈர அரிசி. பதினொரு மணிக்கு வரிசையின் கடைசியில் கார்த்திகேய சிவம் சார் நின்றார். ஜீப் இல்லை, பேனர் இல்லை. கையில் அதே எவர்சில்வர் வாளி. சட்டைப் பையில் மூன்று பேனாவுக்குப் பக்கத்தில் புத்தம்புது செல்போன். அவருக்கு நேர் முன்னால் தூக்குவாளியோடு கல்யாணசுந்தரி மேடம் நின்றிருந்தார்.

சார் தொண்டையைக் கனைத்தார். மேடம் திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் ஒரு கால் ஒதுங்கியது. பிறகு அந்தக் காலைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

"ஈர அரிசி சார்" என்றார். "புளிச்சுப்போகும்."

"முதல் படி போய்விட்டதா?" என்று சார் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். குரல் சின்னதாக இருந்தது.

"இன்னைக்கு மொளகா இல்ல சார். எல்லாப் படியும் நல்ல படிதான். வரிசையில வாங்க" என்றாள் அம்மா.

நான் கரும்பலகையைப் படம் பிடித்து, புதுப் பக்கத்தில் போட்டேன். 'இன்று ஈர அரிசி. இன்றென்றால் இன்றைக்குத்தான்.' வரிசையில் வரிசையாகப் போன்கள் சிணுங்கின. மேடமும் எடுத்துப் பார்த்தார். பின்னால் சார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் தன் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கல்யாணசுந்தரி மேடம் ஒரு நொடி யோசித்தார். பிறகு விரலை வைத்தார்.